கையெழுத்து ஓரிடம், சுமை ஓரிடம்

இரண்டு நாடுகள் வணிக உடன்படிக்கை செய்துகொண்டால் மறுநாள் நாளிதழ்களில் ஒரு படம் வரும். இரு நாட்டு அமைச்சர்களும் கோப்புகளை மாற்றிக்கொண்டு கைகுலுக்குவார்கள். எத்தனை பொருள்களுக்கு வரி குறைகிறது, எத்தனை ஆண்டுகளில் குறைகிறது என்ற பட்டியல் கீழே இருக்கும். வரி குறைந்தால் விலை மாறும். விலை மாறினால் எந்த ஊரில், யார் வீட்டு அடுப்பு அணையும் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பட்டியலில் விடை இருக்காது.

தடையற்ற வணிகம் என்பது 1995-ல் உலக வணிக அமைப்பு தொடங்கிய பிறகு வந்த பேச்சு என்று பலர் எண்ணுகிறார்கள். பெயர் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். ஒரு நாடு தன் எல்லையில் வரியைக் கூட்டுவதும் குறைப்பதும், அதனால் அண்டை நாட்டு வேளாண்மையே தடம் மாறுவதும் நூறாண்டுக் கதை. அந்தக் கதையில் தமிழர்கள் பார்வையாளர்களாக இருக்கவில்லை. சுமையைத் தோளில் வாங்கியவர்களாக இருந்தார்கள். அதைச் சொல்லத் தொடங்குவதற்கு மலேசியாவின் செமோரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

செமோருக்கு வந்த மரம்

பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது செமோர். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், மறுபக்கம் ஈயம் தோண்டிய கிந்தாப் பள்ளத்தாக்கு. இவற்றுக்கு இடையே 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் இரப்பர்த் தோட்டங்கள் பரவிக் கிடந்தன. இன்றும் செமோர்த் தோட்டம், கிந்தா வேலி, கிளேபாங் என்ற பெயர்களை அப்பகுதித் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. தோட்டங்கள் சுருங்கிவிட்டன. பள்ளிகளின் பெயர்கள் சுருங்கவில்லை.

இரப்பர் மரம் மலாயாவின் மண்ணில் பிறந்ததன்று. 1876-ல் என்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில், அப்போதைய ஆங்கிலேய ஆட்சிப் பேராளர் இயூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. செமோரிலிருந்து கோலகங்சார் தொலைவில் இல்லை.

அடுத்த முப்பதே ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளின் காலம் பிறந்தது. 1910-ல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 சில்லிங்கைத் தாண்டியது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். விடியலுக்கு முன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்து, நிரை பிடித்துப் பால் மரம் வெட்டும் வாழ்க்கை தொடங்கியது.

இதே காலத்தில் பிரேசிலில் என்ன நடந்தது? 1913 வாக்கில் ஆசியத் தோட்ட இரப்பர் அமேசான் காட்டு இரப்பரை அளவில் முந்திவிட்டது. காட்டில் பால் எடுத்து வாழ்ந்தவர்களின் பிழைப்பும், அந்தப் பணத்தில் எழுந்த மனாவுசு நகரத்தின் செழிப்பும் சரிந்தன. ஓரிடத்துப் பயிர் மற்றோர் இடத்துப் பயிரைச் சாய்க்கும் என்பதற்கு இதுவே முதல் பாடம். அந்தப் பாடத்தில் மலாயா வென்ற பக்கத்தில் இருந்தது. அடுத்த பாடத்தில் நிலைமை மாறியது.

1922: வேலி போட்டவர் கண்ட இழப்பு

முதல் உலகப் போர் முடிந்ததும் இரப்பர் விலை சரிந்தது. 1922-ல் ஓர் இராத்தல் ஒரு சில்லிங்குக்கும் கீழே போனது. இலண்டனில் இருந்த தோட்ட நிறுவனங்கள் அரசை நெருக்கின. குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த வின்சுடன் சர்ச்சில், சர் சேம்சு சிடீவன்சன் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அந்தக் குழுவின் திட்டம் 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது.

திட்டம் எளிமையானது. 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை ஒரு தோட்டம் எவ்வளவு இரப்பர் எடுத்ததோ அது அதன் அடிப்படை அளவு. அதில் 60 விழுக்காட்டை மட்டும் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். அதற்கு மேல் அனுப்பினால் ஏற்றுமதி வரி கடுமையாக ஏறும். சந்தைக்கு வரும் சரக்கு குறையும், விலை ஏறும் என்பது கணக்கு. உலக இரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இந்த இரு நாடுகளிலிருந்தே போனது. ஆகவே கணக்கு தவறாது என்று நம்பினார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா, இந்தத் திட்டத்தில் சேர மறுத்துவிட்டது.

விலை ஏறத்தான் செய்தது. 1925-ல் ஓர் இராத்தல் 4 சில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையால் யார் பயன் பெற்றார்கள்? மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் சாம்பியிலும் பாலெம்பாங்கிலும், போர்னியோவிலும் காட்டை எரித்து நெல் விதைத்துக்கொண்டிருந்த உழவர்கள் அந்த நெல்லுக்கு இடையே இரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அவர்களுக்குத் துரையும் இல்லை, கிராணியும் இல்லை, பங்குதாரரும் இல்லை. செலவும் குறைவு. மலாயா மரத்தை வெட்டாமல் நிறுத்திய அளவை அவர்கள் நட்டு நிரப்பினார்கள்.

உலக இரப்பரில் முக்கால் பங்கு அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. ஃபயர்சுடோன் நிறுவனம் 1926-ல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 இலட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு உடன்படிக்கை செய்தது. என்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் தன் பெயரிலேயே ஒரு தோட்ட நகரம் அமைக்கப் போனார். பழைய டயர்களை உருக்கி இரப்பரை மீட்கும் தொழிலும் வளர்ந்தது.

1928 நவம்பர் 1 அன்று திட்டம் கைவிடப்பட்டபோது மலாயா, இலங்கை இரண்டின் பங்கு உலக விளைச்சலில் பாதியளவுக்கு அருகே இறங்கியிருந்தது. வேலி போட்டவர் இழந்தார். வேலிக்கு வெளியே நின்றவர் வளர்ந்தார். மறு ஆண்டே நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்து உலகப் பொருளியல் மந்தம் தொடங்கியது. 1925-ல் நட்ட கன்றுகள் எல்லாம் பால் தரத் தொடங்கிய நேரமும் அதுவாகவே அமைந்தது. 1932-ல் ஓர் இராத்தல் இரப்பரின் விலை 2 பென்னிக்கு அருகே போய்விட்டது.

விலையும் கூலியும்

விலை 4 சில்லிங்காக இருந்தபோது பால்மரம் வெட்டியவருக்கு என்ன கிடைத்தது? 1920-களின் இறுதியில் அரசு வகுத்த கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலை உச்சத்தில் இருந்த காலத்தின் பெரும்பயன் இலண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. விலை வீழ்ந்தபோது கூலிதான் முதலில் வெட்டப்பட்டது. அதற்கடுத்து ஆள்களே வெட்டப்பட்டார்கள். 1930 முதல் 1933 வரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பல் ஏற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறும்போது வருவித்து, இறங்கும்போது அனுப்பிவிடும் ஏற்பாடாகவே அந்தக் குடியேற்றம் இருந்தது.

பட்ட பிறகு அரசுகளுக்குப் புத்தி வந்தது. 1934 மே 7 அன்று பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, சயாம், இந்தியா ஆகியவை இலண்டனில் பன்னாட்டு இரப்பர் ஒழுங்குமுறை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்த முறை பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே வந்துவிட்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அளவு ஒதுக்கப்பட்டது. புதிதாக நடுவதும் தடுக்கப்பட்டது. விலை மீண்டது.

நாடுகளுக்கு இடையே நியாயம் கிடைத்தது. நாட்டுக்கு உள்ளே? மலாயாவின் சிறுதோட்டக்காரர்களுக்கு உண்மையில் எடுக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது. பெருந்தோட்டங்களின் பக்கம் தராசு சாய்ந்தது. பின்னாளில் புகழ்பெற்ற பொருளியலாளர் பீட்டர் பாவர் 1948-ல் வெளியிட்ட இரப்பர்த் தொழில் பற்றிய நூலில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். சுமத்திரா உழவர்களுக்கோ 1937 வரை ஒதுக்கீடே தரப்படவில்லை. அவர்கள் விளைச்சலைக் குறைப்பதற்காக ஏற்றுமதியின் மீது தனி வரி விதிக்கப்பட்டது. 1925-ன் உயர்ந்த விலையில் கன்று நட்டவர் அந்த வரியைக் கட்டினார்.

தொழிலாளர் நிலை பற்றி ஆராய இந்திய அரசு வி. எசு. சீனிவாச சாத்திரியாரை 1936 இறுதியில் மலாயாவுக்கு அனுப்பியது. விலை மீண்டபிறகும் கூலி மீளவில்லை என்பதுதான் அன்றைய பெரிய முறையீடு. பழைய 50, 40 காசுக் கூலி திரும்ப வேண்டும் என்று 1937-ல் வந்த அவருடைய அறிக்கை பரிந்துரைத்தது. கூலி திரும்பியது, ஆனால் நிலைக்கவில்லை. 1938-ல் ஏற்றுமதி ஒதுக்கீடு குறைக்கப்பட்டதும் கூலி மறுபடியும் வெட்டப்பட்டது. அதையடுத்து 1938 சூனில் இந்திய அரசு உதவியுடன் தொழிலாளர்களை அனுப்புவதையே நிறுத்தியது. கங்காணி முறையில் ஆள் திரட்டும் காலம் அதோடு முடிந்தது.

1922-ன் உடன்பாடு அண்டை நாட்டை விட்டுவிட்டது. 1934-ன் உடன்படிக்கை அண்டை நாட்டைச் சேர்த்துக்கொண்டது. மரத்தடியில் நின்றவர் இரண்டிலுமே இல்லை.

பத்துப் பத்து வெள்ளி

விதிவிலக்காக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1957-ல் மலாயா விடுதலை பெறுவதற்கு முன்னும் பின்னும் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். இதற்குத் துண்டாடல் என்று பெயர். தோட்டம் துண்டாடப்பட்டால் வேலையும் போகும், வீடும் போகும், கோயிலும் பள்ளியும் போகும்.

செமோருக்கு அடுத்த ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர் தந்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து இரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டும் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்கினார். விலை ஏறினால் பங்கு தனக்கும் வரும் என்ற நிலையைத் தொழிலாளி முதன்முதலாகக் கண்ட இடம் அது. எந்த வணிக உடன்படிக்கையும் அதைத் தரவில்லை. அவர்களே சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

செயற்கை இரப்பர் பெருகியது. விலையை நிலைநிறுத்த 1979-ல் இன்னோர் உடன்படிக்கை உருவானது. கோலாலம்பூரில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு இயற்கை இரப்பர் அமைப்பு, விலை இறங்கினால் வாங்கிச் சேமித்து, ஏறினால் விற்றது. 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் அதுவும் தள்ளாடியது. முதலில் மலேசியாவே விலகியது. 1999-ல் அமைப்பு மூடப்பட்டது.

அதற்குள் பேராக்கின் மரமே மாறிவிட்டிருந்தது. இரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். தமிழகத்தில் பாமாயில் என்று அழைக்கப்படும் எண்ணெயைத் தருவது இந்தச் செம்பனைதான். 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனையின் பரப்பு இரப்பரை முந்தியது. செமோரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒரு பகுதி செம்பனைக்கும், ஒரு பகுதி வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. பல தலைமுறை தோட்டத்திலேயே இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. செம்பனைக் குலை வெட்டும் வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள்கள் வந்தார்கள்.

செம்பனை எண்ணெய் கடல் கடந்தது

இப்போது கதை தமிழகத்துக்குத் திரும்புகிறது. 1986-ல் இந்தியா எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நிலக்கடலை, கடுகு, சூரியகாந்தி, சோயா ஆகியவற்றின் விளைச்சல் பெருகியது. 1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாடு ஏறத்தாழ தன்னிறைவு கண்டது. 1994-ல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது வரி 65 விழுக்காடு. அது படிப்படியாக இறங்கி 1998-ல் 15 விழுக்காட்டுக்கு வந்தது.

பின்னர் வரி ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. ஆனால் பழக்கம் திரும்பவில்லை. இன்று இந்தியாவின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். தமிழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் 10 இலட்சம் எக்டேரை ஒட்டி இருந்த நிலக்கடலைப் பரப்பு பின்னர் பாதிக்கும் கீழே சுருங்கியது. மழை பொய்த்ததும், ஆள் கிடைக்காததும், ஊர்கள் நகரமானதும் காரணங்கள். மலிவான எண்ணெயும் அந்தக் காரணங்களில் ஒன்று.

2009 ஆகத்து 13 அன்று பாங்காக்கில் இந்தியாவும் ஆசியான் நாடுகளும் பொருள் வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2010 சனவரி 1 முதல் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளுக்கு இடையே அது நடைமுறைக்கு வந்தது. ஐந்து பொருள்கள் தனிச்சிறப்புப் பட்டியலில் வைக்கப்பட்டன. 2019 இறுதிக்குள் கச்சா பாமாயிலின் வரி உச்சம் 80-லிருந்து 37.5 விழுக்காட்டுக்கும், சுத்திகரித்த பாமாயிலுக்கு 90-லிருந்து 45-க்கும், காப்பிக்கும் தேயிலைக்கும் 100-லிருந்து 45-க்கும், மிளகுக்கு 70-லிருந்து 50-க்கும் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கேரளம் கொதித்தது. 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைக்கப்பட்டது. இரப்பரும் தேங்காயும் விலக்குப் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன என்று அரசு சொன்னது. சொன்னது உண்மைதான். ஆனால் அடுப்படியில் நடப்பது வேறு. தேங்காய் எண்ணெய் விலை ஏறினால் இல்லத்தரசி பாமாயில் வாங்குகிறார். பலகாரக் கடைக்காரரும் சோப்பு ஆலையும் அதையே செய்கிறார்கள். தேங்காய்க்கு வேலி போட்டுவிட்டுப் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தால், வெயில் வேலிக்கு மேலாக வந்துவிடுகிறது. தமிழக நியாயவிலைக் கடைகளில் பாமாயில் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று பொள்ளாச்சி முதலிய பகுதி உழவர்கள் பல்லாண்டாகக் கேட்பதன் பொருள் இதுதான்.

விலக்குப் பட்டியலில் இருந்த இரப்பரும் தப்பவில்லை. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2000-களில் விலை உயர்ந்தபோது தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, லாவோசு நாடுகளில் நட்ட கன்றுகள் பால் தரத் தொடங்கியிருந்தன. அதே நேரத்தில் சீனாவின் தேவை தளர்ந்தது. 1925-ல் சுமத்திராவில் நட்டது 1930-ல் செமோரைத் தாக்கியது போல, மீகாங் ஆற்றங்கரையில் நட்டது கோட்டயத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தையும் தாக்கியது. செமோரிலும் குலசேகரத்திலும் பால் மரம் வெட்டுபவர் பேசும் மொழி ஒன்றாகவே இருந்தது.

வரியின் உச்சமும் உண்மை வரியும்

பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இங்கே உண்டு. உடன்படிக்கை வரிக்கு ஓர் உச்சத்தை மட்டுமே வைக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் அரசே குறைத்துக்கொள்ளலாம். விலைவாசி ஏறினால் நகரத்து வீடுகளுக்காக அரசு வரியைக் குறைக்கிறது. 2022-ல் கச்சா பாமாயிலின் மொத்த வரி 5.5 விழுக்காடு மட்டுமே. 2024 செப்டம்பரில் அது 27.5 ஆனது. 2025 மே இறுதியில் மறுபடியும் 16.5-க்கு இறங்கியது. உழவர் கன்று நட்டு ஐந்தாண்டு காத்திருக்கிறார். வரியோ எட்டு மாதத்தில் மாறிவிடுகிறது.

இதன் மறுமுனையில் இருப்பவரையும் பார்க்க வேண்டும். இந்தியா வரியை உயர்த்தினால் பேராக்கில் ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் ஆலைக்கு விற்கும் குலையின் விலை ஆட்டம் காண்கிறது. மலேசியாவோடு இந்தியா செய்த தனி உடன்படிக்கை 2011 சூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2019 சனவரியில் மலேசியாவின் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரி 45 விழுக்காடாகவும், இந்தோனேசியாவுக்கு 50 விழுக்காடாகவும் ஆனது. அந்த 5 விழுக்காட்டு வேறுபாட்டில் மலேசியச் சரக்கு வந்து குவிந்தது. இந்திய ஆலைகள் முறையிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 5 விழுக்காடு காப்பு வரி போடப்பட்டது. 2020 சனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்தது. பேராக் சிறுதோட்டக்காரர் வரி குறைய வேண்டும் என்கிறார். பொள்ளாச்சித் தென்னை உழவர் வரி உயர வேண்டும் என்கிறார். இருவர் சொல்வதிலும் தவறில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திய ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

இலங்கையும் தாய்லாந்தும்

இலங்கையில் இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான கிளை உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1998 திசம்பர் 28 அன்று செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மலேசிய, இந்தோனேசியப் பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுவந்து, வனசுபதியாக மாற்றி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்ப ஆலைகள் எழுந்தன. செம்பனை ஒரு நாட்டில், ஆலை ஒரு நாட்டில், சுமை மூன்றாவது நாட்டில். கடைசியில் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வனசுபதிக்கும், 2,500 டன் என்று மிளகுக்கும் அளவு கட்டியது. ஆலைகள் பலவும் மூடப்பட்டன.

அதற்கு முன்பே யாழ்ப்பாணம் இதன் கடுமையான வடிவத்தைக் கண்டது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண உழவர்கள் கிணற்று நீரில் மிளகாயும் வெங்காயமும் விளைவித்துத் தலைநிமிர்ந்தார்கள். 1977-ல் செயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை சரிந்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கொழும்புக்கும், அதன் சுமை இறங்கிய செம்மண் தோட்டங்களுக்கும் இடையே எத்தனை தொலைவு என்பதைப் பின்னால் வந்த வரலாறு சொன்னது.

2003 அக்டோபரில் சீனாவும் தாய்லாந்தும் காய்கறி, பழங்களுக்கு வரியை நீக்கின. தாய்லாந்தின் வெப்பமண்டலப் பழங்கள் சீனாவுக்குப் போயின. சீனப் பூண்டு தாய்லாந்தின் வடக்கே வந்து குவிந்தது. பழம் விற்றவரும் பூண்டு விளைவித்தவரும் ஒரே நாட்டினர். கணக்கில் நாடு வென்றது. பூண்டு உழவர் தோற்றார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வணிகமே வேண்டாம் என்று சொல்ல இந்த வரலாறு இடம் தரவில்லை. பிரேசில் விதையும் தமிழரின் உழைப்பும் கடல் கடந்திராவிட்டால் செமோரே இல்லை. வேலி போட்டால் மட்டும் உழவர் காப்பாற்றப்படுவார் என்பதையும் 1922 பொய்யாக்கிவிட்டது. தன் எண்ணெயை விற்கக் கதவைத் திறக்கச் சொல்லும் மலேசியாவே, 1996 முதல் அரிசி இறக்குமதியை பெர்னாசு என்ற ஒரே நிறுவனத்திடம் கொடுத்துத் தன் நெல் உழவரைக் காக்கிறது. ஒவ்வொரு நாடும் எங்கோ ஒரு வேலி வைத்திருக்கிறது. எதற்கு வைக்கிறது, யாருக்காக வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே ஓர் உடன்படிக்கை பேசப்படும்போது கேட்க வேண்டியவை மூன்று. விலக்குப் பட்டியலில் உள்ள பயிருக்கு மாற்றாக வரக்கூடிய பொருள் எது, அதற்கு என்ன வரி? விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் உழைப்பவருக்குப் பங்கு உண்டா, இறங்கினால் சுமையைத் தாங்க நிதி உண்டா? கையெழுத்துக்கு முன்னால் பயிரிடுபவரிடம் கேட்டார்களா?

மூன்றாவது கேள்விக்கு அண்மைக் காலத்தில் ஒரு விடை கிடைத்தது. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து அமைத்த பெரும் வணிகக் கூட்டமைப்பில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. நியூசிலாந்துப் பால் பொருள்கள் வந்தால் தாங்க முடியாது என்று பால் உற்பத்தியாளர்கள் பல மாதங்களாக எழுப்பிய குரல் அந்த முடிவுக்கான காரணங்களில் ஒன்று. முடிவு சரியா தவறா என்ற வாதம் தொடரலாம். மாடு வளர்ப்பவரின் குரல் பேச்சு மேசை வரை போனது என்பது பெரிய செய்தி.

1922-ல் செமோரில் பால்மரம் வெட்டியவருக்கு அப்படி ஒரு குரல் இல்லை. இலண்டனில் என்ன எழுதப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. கூலி குறைந்த நாளில்தான் தெரிந்தது. இன்று பொள்ளாச்சியிலும் கோட்டயத்திலும் யாழ்ப்பாணத்திலும் பேராக்கிலும் உள்ளவர்களுக்கு அமைப்புகள் உண்டு, நாளிதழ்கள் உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. கையெழுத்துக்கு முன்பே அவற்றைப் பயன்படுத்தினால் சுமை எங்கே இறங்கும் என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்யலாம்.